மறு: ஓட்டத்துக்கு ஓட்டம் மதிப்பு மாறும் மாறிக்கு ஒரு சொல்: ‘சுற்றுமாறி’

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் சேவை கேட்கும் இடைமுகம்) சோதனையைத் தானியக்கமாகத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது, ஒவ்வொரு தடவையும் வேறு மதிப்பை எடுத்துக்கொள்ளும் மாறிக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். மாறும் மாறி, இயங்கு மாறி, தரவு மாறி, மறுசெய்கை மாறி என்று நான்கு பரிந்துரைகள் வந்துவிட்டன. நான் ‘சுற்றுமாறி’ என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். போஸ்ட்மேன் என்ற ஏபிஐ சோதனைக் கருவியில், சேவையகத்துக்கு அனுப்பும் கோரிக்கைகளின் தொகுப்பு ஒன்றை 50 தடவை ஓட்டுகிறோம். கூடவே ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் மதிப்புகளைப் பிரித்து எழுதிய கோப்பு. அதன் முதல் வரியில் மாறிகளின் பெயர்கள், கீழே 50 வரி மதிப்புகள். முதல் ஓட்டத்துக்கு முதல் வரி மதிப்பு, அடுத்ததற்கு அடுத்த வரி. கோரிக்கையில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதும், மதிப்பைக் கருவி நிரப்பிக்கொள்ளும். ஒரே ஓட்டத்துக்குள் கணக்குத் தொடங்கு, உள்நுழை, கணக்கை நீக்கு என்று மூன்று கோரிக்கைகள் இருந்தால், மூன்றுக்கும் அதே மின்னஞ்சல்தான் போகும். அந்த ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்போதுதான் மதிப்பு மாறும். மாறும் என்பதை ‘மாறி’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. எப்போது மாறும் என்று சொல்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

> ‘இயங்கு மாறி’ என்றாலே புரிந்துவிடுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு எண்ணையோ நேரத்தையோ உருவாக்கித் தரும் மாறிகள் போஸ்ட்மேனிலேயே தனியாக உண்டு. ‘இயங்கு மாறி’ அவற்றுக்குத்தான் பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நான் அலைந்திருக்கிறேன். கணக்குத் தொடங்கும் கோரிக்கையில் அப்படி உருவான எண்ணை வைத்து மின்னஞ்சல் முகவரி அமைத்தேன், உள்நுழையும் கோரிக்கையிலும் அதையே எழுதினேன். கணக்கு ஒரு முகவரியில் உருவானது, உள்நுழையப் பார்த்தது இன்னொரு முகவரியில். எல்லா ஓட்டமும் தோல்வி. எனக்குத் தேவைப்பட்டது ஓட்டம் முடியும்வரை நிலைத்து நிற்கும் மதிப்பு. அதற்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாகக் கற்பவர் எல்லாருக்கும் இதே கதிதான்.

பல பயனர்கள் ஒரே நேரத்தில் வருவதுபோல் கோரிக்கை அனுப்பிச் சோதிக்கும் ஜேமீட்டர் கருவியில் எதிர்ப்பக்கச் சிக்கல். அங்கே பயனர் வரையறுக்கும் மாறிகளுக்குச் சோதனையின் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவைதான் மதிப்புக் கணக்கிடப்படும். அதில் சமவாய்ப்பு (ரேண்டம்) எண் தரும் சார்பை எழுதினாலும், முதலில் வந்த எண்ணே கடைசிவரை நிற்கும். பெயர் மாறி, ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாது.

‘தரவு மாறி’ போஸ்ட்மேனின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. எந்த மாறியில்தான் தரவு இல்லை? ‘மறுசெய்கை மாறி’யில் பொருள் பிழை இல்லை. ஆனால் வேலையிடத்தில் யாரும் வாயில் வைத்துச் சொல்லப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஏன் ‘சுற்று’? வாக்கு எண்ணிக்கை நாளில் ‘ஐந்தாவது சுற்று முடிவு’ என்று கேட்காதவர் இல்லை. அங்கே மேசைகளும் அலுவலர்களும் எண்ணும் முறையும் அதேதான், மேசைக்கு வரும் இயந்திரங்கள்தான் சுற்றுக்குச் சுற்று வேறு. நம் சோதனையும் அச்சு அசலாக இதுதான். இட்லி ‘ஈடு’ என்ற சொல்மேல் எனக்கு ஆசை இருந்தது. அதே பானை, அதே தட்டு, ஈட்டுக்கு ஈடு புது மாவு. ஆனால் ‘ஈடு’ என்றவுடன் அடமானமும் இழப்பீடும் முன்னால் வந்து நிற்கின்றன, அதனால் விட்டுவிட்டேன்.

சேர்த்தே எழுதுங்கள். ‘சுற்று மாறி’ என்று இடம் விட்டால், சுற்று மாறிய பிறகு என்று வினையெச்சமாகப் படிக்க வாய்ப்புண்டு. இதிலிருந்தே சுற்றுத்தரவு, சுற்றெண் என்று அடுத்த சொற்களும் கிடைக்கின்றன.

> சூழல் மாறியோடு குழம்பாதா?

சோதனைத் தளம், நேரடித் தளம் என்று ஒவ்வொரு சூழலுக்கும் தனியாக அமைத்து வைக்கும் மாறிதான் சூழல் மாறி. இது சரியான கேள்வி, ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில் மோதும். ஒரே பெயர் சூழலிலும் தரவுக்கோப்பிலும் இருந்தால், போஸ்ட்மேன் கோப்பின் மதிப்பையே எடுக்கும். கோப்பில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் சூழலின் பழைய மதிப்பை எடுத்துக்கொள்ளும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் ஆனது. கோப்பின் தலைப்பு வரியில் ஒரு பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தது, கோரிக்கையில் சிறிய எழுத்து. 50 சுற்றிலும் ஒரே மின்னஞ்சல் போனது. சேவையகத்தின் பதில் முதல் சுற்றுக்கு 201 (உருவாக்கப்பட்டது), மீதி 49-க்கும் 409 (ஏற்கெனவே இருப்பதோடு முரண்). சேவையகத்தில்தான் பிழை என்று அரை நாள் வாதாடினோம். ‘மின்னஞ்சல் என்ற சுற்றுமாறி தரவுக்கோப்பில் இல்லை, சூழல்மாறியின் மதிப்பு எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி எச்சரிக்கை வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த வரியை எழுதிப் பார்த்துத்தான் இந்தச் சொல்லே எனக்குப் பிடித்துப்போனது. ‘சுற்றுச்சூழல் மாறி’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட்டு ‘சூழல்மாறி’ என்றே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் ‘சமவாய்ப்பு மாறி’ என்பதை நீங்கள் ‘எழுமாற்று மாறி’ என்பீர்கள். அதுபோல் ‘சுற்று’ என்பதற்கு உங்கள் பாடநூல்களில் வேறு பொருள் நிலைத்திருக்கிறதா?

சுமைச் சோதனை செய்பவர்களும் ஒன்று சொல்லுங்கள். ஜேமீட்டரில் ஒவ்வொரு இழையும் ஒரு பயனரைப்போல் இயங்கும். அது இயல்பாகவே கோப்பின் வரிகளை எல்லாப் பயனர் இழைகளுக்கும் பொதுவாகப் பங்கிடுகிறது. அடுத்துக் கேட்கும் இழைக்கு அடுத்த வரி, கோப்பு தீர்ந்தால் மறுபடி முதல் வரி. அங்கே சுற்று என்பது அந்தந்த இழையின் சுற்று என்று கொண்டால் ‘சுற்றுமாறி’ பொருந்துகிறது. ஆனால் இழைக்கு இழை மட்டும் மாறி, சுற்றுக்குச் சுற்று மாறாத மதிப்புகளும் உண்டே, அவற்றை ‘இழைமாறி’ எனலாமா?