கணினிக்கூட நிர்வாகத்துக்கான ரூபி உதவி மெதட்கள்: எண்ணாக மாற்ற முடியாத தரவுக்குப் பூச்சியம் தரலாமா?

உப்புவெளி_பயிற்றுநர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினிக்கூடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. நகரத்தில் ஒரு கூடமும் மூதூரில் ஒரு கிளைக் கூடமும் இருக்கின்றன. பெரும்பாலான கணினிகளில் லினக்ஸும், கணக்கியல் வகுப்புக்குரிய சிலவற்றில் வின்டோஸும் இயங்குகின்றன. நாள்தோறும் மாலையில் ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறு செய்நிரல் எல்லாக் கணினிகளையும் தொடர்புகொண்டு, வன்தட்டில் எஞ்சியுள்ள இடத்தையும் நினைவகத்தின் அளவையும் சேகரித்து, காற்புள்ளிகளால் பிரித்த அட்டவணையான சி.எஸ்.வி. கோப்பாக எழுதி வைக்கிறது.

இதற்காக அவ்வப்போது எழுதிய மெதட்கள், அதாவது பெயரிட்டு அழைக்கும் சிறு செய்முறைகள் எல்லாம் இப்போது ஒரே கோப்பில் குவிந்து கிடக்கின்றன. பைட் எண்ணிக்கையை வாசிக்கத்தக்க அளவாக மாற்றுவது, எழுத்துத்தொடரான சரத்தை எண்ணாக மாற்றுவது, ஒரு கட்டளையை இயக்கி அதன் வெளியீட்டைப் பெறுவது, வலையமைப்பு அட்டையின் அடையாள இலக்கமான மாக் முகவரியைக் கொண்டு ஒரு கணினியைத் தொலைவிலிருந்து எழுப்புவது என்று பல வகை மெதட்கள் அதில் உண்டு. அவற்றை ஒழுங்குபடுத்த முனைந்தபோது எழுந்த ஐயங்கள் இவை.

மூதூரில் மின்சாரம் தடைப்பட்ட மாலைகளில் அங்குள்ள கணினிகளின் வன்தட்டில் எஞ்சிய இடம் பூச்சியம் என்று அறிக்கையில் பதிவாகிறது. அதை வாசிக்கும் நிர்வாகத்தினர், தட்டு நிரம்பிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்து, எங்கள் சொத்துப் பதிவேட்டில் இடக் குறியீடாக நமது தொலைபேசிக் குறியீடான 026 பயன்படுகிறது. அந்தச் சரத்தை ரூபியின் டூ_ஐ என்ற மெதட் கொண்டு எண்ணாக மாற்றினால் 26 வருகிறது. இன்டீஜர் கொண்டு மாற்றினால் 22 வருகிறது. 22 எங்கிருந்து வந்தது என்பதே விளங்கவில்லை. இறுதியாக, இந்த மாற்று மெதட்களை ரூபியின் ஸ்ட்ரிங் வகுப்பிலேயே சேர்த்துவிடுவது நல்லதா, மெதட்களின் தொகுப்பான தனி மொடியூலாக வைப்பது நல்லதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கிண்ணியா_நிரலர் (பதில்)

சகோதரருக்கு வணக்கம். 22 என்பதிலிருந்தே தொடங்குகிறேன். இன்டீஜர் என்ற மெதட், ரூபி செய்நிரலுக்குள் ஓர் எண்ணை எழுதினால் அது எப்படி வாசிக்கப்படுமோ அப்படியே சரத்தையும் வாசிக்கிறது. முன்னால் பூச்சியம் நின்றால் அது எட்டடிமான எண். எனவே 026 என்பது இரண்டு எட்டுகளும் ஆறும், அதாவது 22. பதிவேட்டில் 008 என்ற இலக்கமுள்ள ஒரு கணினி இருந்திருந்தால் இன்னும் முன்னரே இது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லாததால் இன்டீஜர் அங்கே ஆர்கியுமென்ட் எரர் என்ற வழுவை எழுப்பும். இரண்டாவது உள்ளீடாக 10 என்று அடிமானத்தைக் கொடுத்துவிட்டால் இரண்டுமே பத்தடிமானத்தில் சரியாக வாசிக்கப்படும்.

ஆயினும் 026 என்பதை எண்ணாக மாற்றவே கூடாது என்பது என் கருத்து. தொலைபேசிக் குறியீடு, சொத்து இலக்கம், அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றை நாம் ஒருபோதும் கூட்டுவதோ சராசரி காண்பதோ இல்லை. கூட்டிப் பார்க்கத் தேவையில்லாத இலக்கத்தொடர் சரமாகவே இருக்கட்டும். முன்னிற்கும் பூச்சியமும் பத்திரமாக இருக்கும்.

இனி மூதூரின் பூச்சியத்துக்கு வருவோம். டூ_ஐ எதையும் மறுக்காத மெதட். எண்ணாக வாசிக்க ஏதுமில்லாத சரத்துக்கு அது பூச்சியம் தருகிறது. வெற்றுச் சரத்துக்கும் பூச்சியம். நில் என்ற வெறுமைக்கும்கூடப் பூச்சியம். இன்னும் மோசமானது 1,024 என்று காற்புள்ளி இட்டு எழுதிய சரம்: காற்புள்ளியிலேயே வாசிப்பை நிறுத்திக்கொண்டு 1 என்ற விடையைத் தந்துவிடும். பூச்சியத்தையாவது யாரேனும் சந்தேகிப்பார்கள், ஒன்றை யார் சந்தேகிப்பார்கள்? தொடர்புகொள்ள முடியாத கணினியிலிருந்து வந்த வெறுமை, நிரம்பிய தட்டின் பூச்சியமாக உருமாறியது இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். இன்டீஜர் அப்படிச் செய்வதில்லை. புரியாததைப் புரியவில்லை என்றே சொல்லும். வழுவை எழுப்புவது உங்களுக்கு வசதியில்லை என்றால், ரூபி 2.6 முதல் எக்செப்ஷன் என்ற தெரிவுக்குப் பொய் என்ற பெறுமானத்தைக் கொடுக்கலாம். அப்போது மாற்ற முடியாத சரத்துக்கு நில் கிடைக்கும். சி.எஸ்.வி. கோப்பில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், பூச்சியம் அங்கே தோன்றாது.

கட்டளையை இயக்கும் மெதட்டையும் சேர்த்துப் பாருங்கள். சாய்மேற்கோள் குறிகளுக்குள் கட்டளையை எழுதி இயக்கினால் வெளியீடு மட்டுமே நேராகக் கைக்கு வரும். கட்டளை தோற்றதா என்பதை வேறாகக் கேட்டறிய வேண்டும், அதை எவரும் கேட்பதில்லை. ஓபன்3 நூலகத்தின் கப்சர்3 மெதட் வெளியீடு, வழுச் செய்தி, முடிவு நிலை ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தருகிறது. முடிவு நிலை வெற்றி என்று சொன்னால் மட்டுமே வெளியீட்டை எண் மாற்றும் மெதட்டிடம் அனுப்புங்கள். கட்டளையையும் அதன் உள்ளீடுகளையும் ஒரே நீண்ட சரமாக ஒட்டாமல் தனித்தனிச் சரங்களாகக் கொடுத்தால், கட்டளை வரியைப் பிரித்து வாசிக்கும் ஷெல் குறுக்கிடாது. இடைவெளி உள்ள கோப்புப் பெயர்கள் உடையமாட்டா. ஆனால் தொலைவிலுள்ள கணினியில் கட்டளை இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக மறுகணினிக்கு அனுப்பும்போது இந்தப் பாதுகாப்பு போதாது. எஸ்.எஸ்.எச். அந்த உள்ளீடுகளை மீண்டும் ஒரே வரியாக இணைத்து மறுமுனையின் ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. அங்கே ஷெல்வேர்ட்ஸ் நூலகத்தின் எஸ்கேப் மெதட் கட்டாயம் தேவை.

தட்டின் இடத்தை அறிய டி.எஃப். கட்டளையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கொள்கிறேன். ரூபியோடு வரும் நூலகங்களில் அதற்கென ஒரு மெதட் இல்லை. பெரிய பி, சிறிய கே ஆகிய இரண்டு தெரிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். முதலாவது, ஒவ்வொரு கோப்பு முறைமையும் ஒரே வரியில் வருவதை உறுதிசெய்யும். இரண்டாவது, அளவுகளை 1024 பைட் தொகுதிகளாகத் தரும். நான்காவது நிரலில் (நெடுவரிசையில்) எஞ்சிய இடம் இருக்கும்.

நிலாவெளி_வாசகி (பதில்)

மேலுள்ள பதிலில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நில் என்ற விடையைத் தெரிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நில் மெதுவாக உள்ளே நுழைந்து, அறிக்கையின் வேறேதோ ஒரு மூலையில், கூட்டல் கணக்கில் போய் வெடிக்கும். அப்போது அது எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கும். மாற்று மெதட் வழுவை எழுப்பட்டும். கணினிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் இடத்தில் மட்டும் அதைப் பிடித்து, கணினியின் பெயரோடு காரணத்தையும் எழுதி வைத்துவிட்டு அடுத்த கணினிக்குச் செல்லட்டும். ஒரு கணினி அணைந்திருந்தது என்பதற்காக ஏனையவற்றின் அறிக்கை நின்றுவிடக் கூடாது என்பது உண்மை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுற்றுதான், எண் மாற்றும் மெதட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

விடையை வைத்துக்கொள்ள ரூபி 3.2 முதல் கிடைக்கும் டேட்டா வகுப்பைப் பயன்படுத்தலாம். கணினியின் பெயர், நிலை, எஞ்சிய பைட் ஆகிய மூன்றையும் ஒரே மாறாப் பொருளாகக் கட்டிவிட்டால், ‘தொடர்பில்லை’ என்ற நிலை அறிக்கையில் தனி நிரலாகவே தெரியும். நிர்வாகத்தினர் புதிய தட்டு வாங்கப் புறப்படவும் மாட்டார்கள்.

அணைந்த கணினிக்காகச் செய்நிரல் நெடுநேரம் காத்திருப்பதைத் தவிர்க்க, எஸ்.எஸ்.எச். கட்டளையிலேயே கனெக்ட் டைம்அவுட் தெரிவைச் சில செக்கன்களுக்கு வரையறுத்துவிடுங்கள். ரூபியின் டைம்அவுட் நூலகத்தைக் கப்சர்3 மெதட்டுக்கு வெளியே சுற்றிவிடுவது போதாது. பின்னால் ஓடும் கட்டளையை அது நிறுத்தாது.

உப்புவெளி_பயிற்றுநர் (மறுமொழி)

இருவருக்கும் மிக்க நன்றி. நிலை என்ற தனி நிரலைச் சேர்த்துவிடுகிறேன். இடக் குறியீடு இனிச் சரமாகவே இருக்கும். இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் இடத்தின் பெயர் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. ‘திருகோணமலை’ என்று பார்வைக்கு ஒரேமாதிரித் தோன்றும் இரண்டு வரிகளை ரூபி வெவ்வேறு என்று சொல்கிறது. பழைய பதிவுகள் சில பாமினி எழுத்துருவிலும் உள்ளன. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்ற, ரூபியில் குறிமுறையை மாற்றும் என்கோட் மெதட் உதவவில்லை.

பழைய_எழுத்துரு (பதில்)

தம்பி, இது ரூபியின் குறையன்று. கோ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாக வைக்கலாம். அல்லது ஏகாரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதல் வகையில் திருகோணமலை என்ற பெயருக்குப் 10 குறியீட்டுப் புள்ளிகள், யூ.டி.எஃப்-8 இல் 30 பைட். இரண்டாவது வகையில் 11 புள்ளிகள், 33 பைட். தட்டச்சு செய்த மென்பொருளைப் பொறுத்து எதுவும் வரலாம். ஒப்பிடுவதற்கு முன்னர் இரு சரங்களையும் யூனிகோட்_நோர்மலைஸ் மெதட் வழியாக அனுப்புங்கள். இயல்பாகவே அது சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ரூபி 2.2 இலிருந்து அது உள்ளது. கோப்பிலிருந்து வாசிக்கும் அந்த ஓர் இடத்தில் செய்துவிட்டால், பின்னர் எங்கும் செய்யத் தேவையில்லை.

அறிக்கையில் நிரல்களை இடைவெளி இட்டு நேராக்க எல்ஜஸ்ட் மெதட்டை நம்பியிருந்தால், தமிழ்ப் பெயர்கள் உள்ள வரிகள் கோணலாகவே வரும். அது குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது. நாம் எழுத்தாகக் காணும் ஆறையும் எண்ண வேண்டுமானால் ரூபி 2.5 இல் வந்த கிராஃபீம்_கிளஸ்டர்ஸ் மெதட்டைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் ‘ண’, ‘லை’ ஆகியவற்றின் அகலம் திரையில் ஒன்றாக இராது. நான் இந்த முயற்சியைக் கைவிட்டு, சி.எஸ்.வி. கோப்பை விரிதாளில் திறக்கச் சொல்லிவிடுவேன்.

பாமினி வேறு கதை. அதில் சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துருவே அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ஆகவே குறிமுறை செல்லுபடியானதா என்று ரூபியைக் கேட்டால் ஆம் என்றே சொல்லும். என்கோட் மெதட்டுக்கு மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. எதற்குப் பதில் எது என்ற இணைப்பட்டியலை நீங்களே ஹாஷாக எழுதி, சரத்தில் தேடி மாற்றீடு செய்யும் ஜிசப் மெதட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கவனங்கள் தேவை. பாமினியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டச்சு செய்யப்படும், யூனிகோட்டில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். எனவே கெ, கே, கை, கொ, கோ போன்ற முழுச் சேர்க்கைகளையே பட்டியலின் உறுப்புகளாக எழுதுவது எளிது. அடுத்து, பல சேர்க்கைகளை ஒரே தேடல் வடிவமாக்கும் ரெஜெக்ஸ்ப் யூனியன், பட்டியலில் முன்னால் நிற்பதையே முதலில் பொருத்திப் பார்க்கும் என்பதால், நீண்ட சேர்க்கைகள் முன்னால் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் கோ என்பது கே என்றும் ஒரு தனிக் கால் என்றும் பிரிந்துவிடும். எந்த நிரல் பாமினி, எந்த நிரல் உண்மையான ஆங்கிலம் என்பதை மெதட் ஊகிக்கக் கூடாது. அழைப்பவரே சொல்ல வேண்டும்.

மொடியூலா, ஸ்ட்ரிங் வகுப்பா என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ஸ்ட்ரிங் வகுப்பைத் திறந்து ‘பாமினியிலிருந்து’ என்ற மெதட்டைச் சேர்த்தால், செய்நிரலில் ஏற்றப்படும் ஒவ்வொரு நூலகத்தின் ஒவ்வொரு சரத்துக்கும் அது கிடைத்துவிடும். தனி மொடியூல், அதில் மொடியூல்_ஃபங்ஷன், அவ்வளவு போதும். ரிஃபைன்மென்ட் என்ற வசதி கோப்பு அளவில் எல்லை கட்டித் தரும் என்பது உண்மை. ஆனால் இரண்டு பேர் பராமரிக்கும் ஒரு சிறு செய்நிரலுக்கு அது மிகையான அலங்காரம்.

கிண்ணியா_நிரலர் (பதில்)

அளவுகளைப் பற்றியும் கணினிகளைத் தொலைவிலிருந்து எழுப்புவதைப் பற்றியும் எவரும் சொல்லவில்லை. லினக்ஸ் கணினிகள் 1024 பைட் தொகுதிகளாகத் தரும் அளவும், வின்டோஸ் கணினிகளில் பவர்ஷெல் வழியாகக் கிடைக்கும் ஃப்ரீஸ்பேஸ் என்ற அளவும் ஒன்றல்ல. பின்னது வெறும் பைட் எண்ணிக்கை. உள்ளே வந்தவுடன் இரண்டையும் பைட்டாக மாற்றிவிடுங்கள். வாசிக்கத்தக்க வடிவம் அச்சிடும் வேளையில் மட்டும் வரட்டும். பெட்டியில் 500 ஜி.பி. என்று அச்சிட்ட தட்டை வின்டோஸ் ஏறத்தாழ 465 என்று காட்டுவது, விற்பவர் ஆயிரத்தாலும் வின்டோஸ் 1024 ஆலும் வகுப்பதால்தான். உங்கள் மெதட் எதனால் வகுக்கிறது என்பதை அதன் பெயரிலேயே எழுதுங்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ரூபி தசமப் பகுதியை விட்டுவிடும்: 1536 ஐ 1024 ஆல் வகுத்தால் 1 தான் வரும், எஃப்டிவ் மெதட் 1.5 தரும்.

கணினியை எழுப்பும் மெதட்டில், மாக் முகவரியின் பிரிப்புக் குறிகளை நீக்கியபின் சரியாகப் பன்னிரண்டு பதினாறடிமான இலக்கங்கள் எஞ்சுகின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் அங்கேயே வழுவை எழுப்புங்கள். பேக் மெதட் அவற்றை ஆறு பைட்டாக மாற்றும். அனுப்ப வேண்டிய பொதி இது: எல்லாப் பிட்டுகளும் ஒன்றான ஆறு பைட், அதன்பின் முகவரி பதினாறு தடவை; மொத்தம் 102 பைட். இதை வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் செல்லும் யூ.டி.பி. ஒலிபரப்பாக, வழக்கமாக 9 ஆம் வாயிலுக்கு அனுப்ப வேண்டும். சொக்கெட்டில் ஒலிபரப்புக்கான தெரிவை முன்கூட்டியே இயக்க மறவாதீர்கள்.

இந்த ஒலிபரப்பு நகரத்துக் கூடத்தின் ரவுட்டரைத் தாண்டி மூதூருக்குச் செல்லாது. அங்கே எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து, அதிலிருந்தே அனுப்புவதுதான் வழி. மாலையில் சுவரிலுள்ள ஆளியையே அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் மூதூரில் இருந்தால், வலையமைப்பு அட்டைக்கு மின்சாரம் இராது. எந்தப் பொதி சென்றாலும் கணினி எழாது. அதை மட்டும் அங்குள்ள பொறுப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு பிறகு மெதட்டைத் திருத்துங்கள்.