இலைப்புள்ளி நோய்: தெளிப்பானை எடுப்பதற்கு முன் கவனித்தவை

ரோஜா வளர்ப்பவர்:

மழைக்காலம் வந்தால் என் ரோஜாச் செடிகளில் கரும்புள்ளி நோயும் வந்துவிடும். முதலில் அடி இலைகளில், ஓரம் இழை இழையாகச் சிதறிய கரிய வட்டங்கள் தோன்றும்; பிறகு அவற்றைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிரும்; கவனிக்காமல் விட்டால், நுனியில் மட்டும் நான்கு இலைகளுடன் வெறும் குச்சிகள் நிற்கும். டிப்ளோகார்பான் ரோசே எனப்படும் இந்தப் பூஞ்சையின் வித்து இலைக்குள் நுழைவதற்கு, இலைப்பரப்பு ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். ஆகவே, எந்த மருந்து சிறந்தது என்று தேடுவதைவிட, அந்த 7 மணி நேர ஈரம் கிடைக்காமல் செய்வதே முதல் வேலை என்பது என் கருத்து.

மாலையில் செடியின் தலைமேல் பூவாளியால் நீர் ஊற்றினால் இலைகள் விடியும்வரை உலர்வதில்லை. அதே நீரைக் காலையில் வேர்ப்பகுதிக்கு மட்டும் விடுகிறேன். உட்புறமாக வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகளை வெட்டிக் காற்றுக்கு வழி விடுகிறேன். மண்ணில் கிடக்கும் நோயுற்ற இலைகளிலும், தண்டில் உள்ள புண்களிலும் பூஞ்சை அடுத்த பருவம்வரை உயிரோடிருக்கும் என்பதால், உதிர்ந்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும், மழைத்துளி மண்ணில் பட்டு இலைமேல் தெறிக்காதபடி மூடாக்கு இடுவதும் அவசியம். அந்த இலைகளை வீட்டு உரக்குழியில் போடாதீர்கள். நோய்க்கிருமிகள் அழிவதற்குத் தேவையான 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் சிறிய குவியலில் பெரும்பாலும் உண்டாவதில்லை.

இவ்வளவு செய்தாலும், விடாத மழையில் மாங்கோசெப் போன்ற காப்பு மருந்து தேவைப்படுகிறது. அது இலையின் மேலே படிந்து வித்து முளைப்பதைத் தடுக்குமே தவிர, உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை அழிக்காது. விழுந்த புள்ளி மறையவும் மறையாது. எனவே மருந்து பலித்ததா என்பதைப் புதுத் தளிர்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மிளகாய், தக்காளி நாற்று வளர்ப்பவர்:

மேலே சொன்ன ஈர மேலாண்மை எங்கும் பொருந்தும், மருந்து அப்படியன்று. புள்ளி என்றாலே பூஞ்சை என்று கொள்வதுதான் நான் பிறரிடம் அதிகமாகக் காணும் தவறு. மிளகாயிலும் தக்காளியிலும் சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் புள்ளிகள், முதலில் நீரில் ஊறியதுபோல் சிறிதாகத் தோன்றிப் பின்னர் கருகும். பல வேளைகளில் நரம்புகளுக்கிடையே கோணலாக நிற்கும். மாங்கோசெப்பைத் தனியாக எத்தனை முறை அடித்தாலும் அவை கட்டுப்படுவதில்லை. மாறாக, தக்காளியின் அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரிந்தால் அது ஆல்டர்நேரியா பூஞ்சை. சாம்பல் நிற நடுவில் கரும் பொட்டுகள் தெரிந்தால் செப்டோரியா.

ஐயம் இருந்தால், புள்ளியுள்ள இலையை ஈரக் காகிதத்துடன் ஒரு பாலித்தீன் பையில் இட்டு ஓரிரு நாள் நிழலில் வைப்பேன். பூஞ்சையாக இருப்பின், புள்ளியின்மேல் மெல்லிய பூசணமோ வித்துகளோ கைலென்சில் தெரியும். அப்படி எதுவும் தெரியாவிட்டால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கிறேன். இது உறுதியான சோதனை அன்று, ஆனால் வீண் தெளிப்பைப் பெருமளவு குறைக்கிறது.

பாக்டீரியாப் புள்ளி பெரும்பாலும் விதையோடு வருகிறது. மிளகாய் விதையை 52 டிகிரி செல்சியஸ் நீரில் 30 நிமிடமும், தக்காளி விதையை 50 டிகிரியில் 25 நிமிடமும் வைத்தெடுத்து உடனே குளிர்ந்த நீரில் இட வேண்டும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். ஓரிரு டிகிரி கூடினாலும் முளைப்புத்திறன் கெடும். பழைய விதைக்கும் இம்முறை ஆகாது. வயலில் நோய் வந்தபின் தாமிர மருந்தே மிஞ்சுகிறது, அதையும் தாங்கும் பாக்டீரியா வகைகள் பெருகிவிட்டன. இலை ஈரமாக இருக்கும்போது செடிகளுக்குள் நடப்பதையும் காய் பறிப்பதையும் நிறுத்தியதே எனக்குக் கண்கூடான பலன் தந்தது.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்:

ஒரு சிறு சேர்க்கை. வெயில் விழும் பக்கத்து இலைகளில் மட்டும் வெளுத்த திட்டுகள் தோன்றி, நாட்கள் கடந்தும் அவை பரவாதிருந்தால், அது பெரும்பாலும் வெயில் கருகல் அல்லது உச்சிவெயிலில் தெளித்த மருந்தின் சூடு. அதற்கு மேலும் மருந்து தெளிப்பது செடியை வதைப்பதாகும்.

நிலக்கடலை விவசாயி:

கடலையின் இலைப்புள்ளி நோயான டிக்காவைப் பற்றி எழுதுகிறேன். முன்பருவப் புள்ளி, பின்பருவப் புள்ளி என்று இரண்டு பூஞ்சைகள் இதில் உண்டு. புள்ளியைச் சுற்றிய மஞ்சள் வளையத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது நம்பத்தக்கதன்று. முன்பருவப் பூஞ்சை பெரும்பாலும் இலையின் மேற்புறத்திலும், பின்பருவப் பூஞ்சை அடிப்புறத்திலும் வித்துகளை உண்டாக்கும். அடிப்புறப் புள்ளிகள் கன்னங்கரியதாக இருந்தால் பின்பருவ வகை என்று கொள்ளலாம். பிரித்தறிந்ததில் ஒரு பயன் உண்டு: தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்கத் தொடங்கினோம்.

ஒரே நிலத்தில் கடலைக்குப்பின் கடலை விதைப்பதை விட்டுத் தானியப் பயிருக்கு மாறியதும், தானாக முளைத்த கடலைச் செடிகளைப் பிடுங்கியதும் நோய் தொடங்கும் காலத்தைத் தள்ளிப்போட்டன. மருந்தைப் பொறுத்தவரை, ஒரே ஊடுருவும் மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. 1970-களில் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலை வயல்களில் பெனோமில் என்ற ஊடுருவும் மருந்து அவ்வாறுதான் பலனற்றுப் போனது. கார்பென்டாசிமும் அதே குடும்பம் என்பதால் அதற்கும் அந்தக் கதி நேரும். நான் காப்பு மருந்தையும் வேறு குடும்பத்து ஊடுருவும் மருந்தையும் மாற்றி மாற்றித் தெளிக்கிறேன். அறுவடை நெருங்கியபின் விழும் புள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. கொடியைக் கால்நடைக்குப் போட எண்ணுபவர்கள், மருந்தை வாங்கும்போதே அதற்குத் தடை உள்ளதா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மருந்துகள் தெளித்த கொடியைத் தீவனமாக்கக் கூடாது.