மைக்கில் ஆம்னி, ஃபிகர் எய்ட்டில் மட்டும் பொரி பொரியுற சத்தம், கார்டியாய்டு சுத்தம்: கோளாறு எங்க?

காசிமேடு கானா:
பெரிய டயாஃப்ரம் (ஒலி பட்டா அதிருற படலம்) கண்டென்சர் மைக், மூணு பேட்டர்ன் ஸ்விட்ச் உள்ளது: கார்டியாய்டு முன்பக்கம் கேக்கும், ஆம்னி எல்லாப் பக்கமும், ஃபிகர் எய்ட் முன்னும் பின்னும். வால்வு இல்லை, 48 வோல்ட் ஃபாண்டம்ல (கேபிள் வழியாவே மைக்குக்கு வர்ற மின்சாரம்) ஓடுற ட்ரான்ஸிஸ்டர் மாடல். வாரண்டி முடிஞ்சிடுச்சு. ரூம் ராயபுரத்துல, கடல்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி.

கார்டியாய்டுல எந்தத் தொல்லையும் இல்லை. ஆம்னி, ஃபிகர் எய்ட்டுக்கு மாத்தினா படபடன்னு பொரி பொரியுற மாதிரி சத்தம். விடியற்காலையிலும் மழை நாள்லயும் அதிகம்.

இன்னொண்ணு. ஃபிகர் எய்ட்டுல பின்பக்கம் பேசினா முன்பக்கத்தைவிட சுமார் 6 டெசிபல் குறைவா வருது. ரெண்டு பாடகர்கள் எதிரெதிரா நின்னு பாட, டோலக்கைப் பக்கவாட்டுல வச்சா டோலக் மறையணும் இல்லையா? மறையவே இல்லை, நல்லாவே கேக்குது. கேபிள், இன்டர்ஃபேஸ் ரெண்டும் மாத்திப் பாத்தாச்சு.

மின்ட் சவுண்ட்:
ஃபாண்டம் வோல்டேஜ் பாத்தீங்களா தல? மைக்கைக் கழட்டிட்டு கேபிள் முனையில் பின் (pin) 1க்கும் 2க்கும் நடுவுல மீட்டர் வச்சா 44 முதல் 52க்குள்ள இருக்கணும். மீட்டரை மில்லி ஆம்பியர்ல போட்டு அதே இடத்துல வச்சா 7 கிட்ட காட்டணும். பின் 3லயும் அதே மாதிரி.

சால்டரிங் சாமி:
அந்தச் சோதனை நல்லதுதான், ஆனா இங்க விடை அதுல இல்லை. கார்டியாய்டு சுத்தமா வருதுன்னா ஃபாண்டம், கேபிள், எஃப்.இ.டி. (சிக்னலை முதல்ல வாங்குற ட்ரான்ஸிஸ்டர்), வெளியீட்டுப் பகுதி எல்லாம் சரி. காரணம் இதுதான்:

கேப்ஸ்யூல்ல, அதாவது ஒலியை வாங்குற தலையில, முன், பின் ரெண்டு டயாஃப்ரம், நடுவுல பின்தட்டு. பின்தட்டோட ஒப்பிட்டா முன் டயாஃப்ரத்துக்கு எப்பவும் ஒரே வோல்டேஜ், 60 வோல்ட்னு வச்சுக்குவோம். பின் டயாஃப்ரத்துக்கு கார்டியாய்டுல 0, ஆம்னியில +60, ஃபிகர் எய்ட்டுல -60. வோல்டேஜே இல்லாத இடத்துல கசிவு இருந்தாலும் சத்தம் வராது. ஆக, பின் டயாஃப்ரமோ, அதுக்கு வோல்டேஜ் கொண்டுபோற வழியோதான் குற்றவாளி. அந்த வழியில 1 கிகா ஓம் அளவுல ரெசிஸ்டர் இருக்கும். அந்த அளவுக்கு முன்னாடி போர்டு மேல படிஞ்ச ஈரமும் உப்பும்கூட ஒரு கம்பி மாதிரிதான்.

டயாஃப்ரமா, போர்டான்னு பிரிச்சுப் பார்க்க ஒரு வழி: 48 வோல்ட்டை அணைச்சு 5 நிமிஷம் கழிச்சுத் திறங்க. முதல்ல போன்ல படம் எடுத்துக்கங்க. கேப்ஸ்யூல்ல இருந்து வர்ற முன், பின் வயர்களைப் போர்டு முனையில மட்டும் கழட்டி ஒண்ணுக்கொண்ணு மாத்தி சால்டர் பண்ணுங்க. கேப்ஸ்யூல் பக்கம் இரும்பைக் கொண்டுபோகாதீங்க. நாலு வயர் வந்தா பின்தட்டுகளும் தனித்தனி, ஜோடியாத்தான் மாத்தணும். இப்போ கார்டியாய்டுல மைக் பின்பக்கம் கேக்கும். அதுல பொரிஞ்சா டயாஃப்ரத்துல அழுக்கு. கார்டியாய்டு சுத்தமா இருந்து பழையபடி மத்த ரெண்டுல மட்டும் பொரிஞ்சா போர்டுலதான் கோளாறு.

வியாசர்பாடி மிக்ஸ்:
இவ்ளோ தூரம் போகணுமா? அரிசி டப்பால ரெண்டு நாள் போட்டு வைங்க ப்ரோ. இல்லன்னா ஹேர் டிரையர்.

சால்டரிங் சாமி:
வேண்டவே வேண்டாம் தம்பி. அரிசி மாவுத்தூள் கிரில் வழியா உள்ள போகும். டயாஃப்ரம் சில மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலம், மேல தங்கப் பூச்சு. சூடான காத்து பட்டா இழுவிசை மாறும், மாறினது திரும்பாது. காத்தடிக்கிற ஸ்ப்ரே டப்பாவும் கூடாது.

காசிமேடு கானா:
வயர் மாத்திப் பாத்தேன் அண்ணே. மூணு வயர்தான். கார்டியாய்டு சுத்தம், மத்த ரெண்டுலயும் பொரியுது. டயாஃப்ரம் தப்பிச்சது. ஸ்விட்ச் கால்களைச் சுத்தி பழுப்பா பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு.

சால்டரிங் சாமி:
அது ஃப்ளக்ஸ், சால்டர் ஒட்டுறதுக்குப் போடுற பிசின். தொழிற்சாலையிலேயே கழுவாம விட்டிருக்காங்க. காய்ஞ்ச ஊர்ல வருஷக்கணக்கா சும்மா கிடக்கும், ராயபுரத்துல ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். உறுதிப்படுத்தணும்னா வயரைப் பழையபடி போட்டு, கிரிலைக் கழட்டினபடியே மைக்கை ஓடவிட்டு, மெல்லிய ஸ்ட்ரா வழியா ஸ்விட்ச் மேல மட்டும் ஊதுங்க. மூடி இல்லாததால கரன்ட் இரைச்சல் வரும், அதைப் பொருட்படுத்தாதீங்க. ஊதினதும் பொரிச்சல் எகிறினா இடம் அதுதான்.

கழுவ 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். ரிச்சி ஸ்ட்ரீட்ல மொபைல் சர்வீஸ் சாமான் விக்கிற கடையில ஐ.பி.ஏ.னு கேளுங்க. கை கழுவுற சானிடைசர்ல கிளிசரின் இருக்கும், அது இருக்குறதையும் கெடுக்கும். தின்னர் பட்டா ஸ்டைரோஃப்ளெக்ஸ் கெபாசிட்டர் கரையும். எண்ணெய் விடுற கான்டாக்ட் ஸ்ப்ரேயும் இந்த இடத்துக்கு ஆகாது.

முதல்ல கேப்ஸ்யூலைச் சுத்தமான கவரால மூடுங்க. புது பிரஷ்ல நனைச்சுத் தேய்ச்சு, ஈரம் காயறதுக்குள்ள பஞ்சுக்குச்சியால ஒத்தி எடுங்க. காயவிட்டா கரைஞ்ச பிசின் வேற இடத்துல போய்ப் படியும். மூணு தடவை செய்யுங்க. கிகா ஓம் ரெசிஸ்டர் உடம்பையும் துடைங்க, அதுக்கப்புறம் விரல் படக் கூடாது. ஒரு ராத்திரி சிலிகா ஜெல்லோட மூடி வச்சுட்டு ஓட்டிப் பாருங்க.

காசிமேடு கானா:
பொரிச்சல் சுத்தமா போயிடுச்சு! ரொம்ப நன்றி. ஆனா அந்த 6 டெசிபல் அப்படியே இருக்கு. டோலக்கும் மறையலை. ஆம்னியில முன்னும் பின்னும் சமமாத்தான் வருது.

தண்டையார்பேட்டை டோன்:
இந்தத் தகவல்லயே விடை இருக்கு. ஆம்னி சமம்னா பிளஸ் பக்கம் சரி, மைனஸ் பக்கம்தான் பாதியா குறைஞ்சிருக்கு. டயாஃப்ரத்தோட வெளியீடு வோல்டேஜுக்கு நேர் விகிதம். பாதி வோல்டேஜ்னா சரியா 6 டெசிபல் இழப்பு.

டோலக் மறையாததும் இதனாலதான். பின்பாதி அரை பலத்துல வேலை செஞ்சா அது எட்டு வடிவமே இல்லை, கணக்குப்படி ஹைப்பர்கார்டியாய்டு, கார்டியாய்டுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட வடிவம். மைக் கேக்காத கோணம் 90 பாகையில இருந்து 109 பாகைக்குப் பின்னாடி நகர்ந்திடும். 90ல நிக்கிற டோலக் முன்பக்கத்தைவிட 12 டெசிபல்தான் குறைவா கேக்கும். டோலக் அடிக்கு அது போதவே போதாது.

மீட்டர் வைக்கிறப்போ ஒரு கண்ணி இருக்கு. கேப்ஸ்யூல் முனையில வச்சா 1 கிகா ஓமுக்கு எதிரா மீட்டரோட 10 மெகா ஓம் நிக்கும், 60 வோல்ட் இருந்தாலும் 0.6தான் காட்டும். அதைப் பாத்துட்டு கேப்ஸ்யூல் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க உண்டு. கிகா ஓமுக்கு முன்னாடி, ஃபில்டர் கெபாசிட்டர் மேல வைங்க. அங்க 1 மெகா ஓம் வரிசையில இருந்தா 60க்கு 54 அல்லது 55 காட்டுறது இயல்பு.

காசிமேடு கானா:
ஆம்னியில +56. ஃபிகர் எய்ட்டுல -29.

தண்டையார்பேட்டை டோன்:
மைனஸ் வோல்டேஜ் தர்ற டயோடு, கெபாசிட்டர் வரிசையைப் பாருங்க. அதுல இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் எத்தனை வோல்ட் தாங்கும்னு படிச்சுச் சொல்லுங்க.

காசிமேடு கானா:
ரெண்டு இருக்கு. ரெண்டுமே 1 மைக்ரோஃபாரட். ஒண்ணு 100 வோல்ட், இன்னொண்ணு 50 வோல்ட்.

தண்டையார்பேட்டை டோன்:
அந்த 50 வோல்ட்காரன்தான். தாங்குற அளவுக்கு மேல வேலை வாங்கினா கசியத்தான் செய்யும். ஒரு காலைத் தூக்கி அளந்து பாருங்க, வோல்டேஜ் எழும்பினா முடிவு. 1 மைக்ரோ 100 வோல்ட் போடுங்க. மைனஸ் பக்கம்ங்கிறதால கெபாசிட்டரோட பிளஸ் கால் தரைக்குப் போகும். பழக்கதோஷத்துல திருப்பிப் போட்டுடாதீங்க.

காசிமேடு கானா:
மாத்தியாச்சு. இப்போ -55. ரெண்டு பக்கமும் ஒரே அளவு, டோலக் பக்கவாட்டுல நல்லா அடங்குது. பேட்டர்ன் மாத்தினதும் பத்து விநாடி புஸ்ஸுன்னு இழுக்குது, அது சரியா? ஈரம் திரும்ப ஏறாம எப்படிப் பாத்துக்கிறது?

சால்டரிங் சாமி:
இழுக்குறது இயல்பு. கிகா ஓம் வழியா கெபாசிட்டர்ல சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். மாத்துறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரைக் குறைச்சுடுங்க.

ஈரத்துக்கு: ஏசி 22ல ஓடின ரூம்ல மைக்கும் 22 பாகையிலதான் இருக்கும். ஏசியை அணைச்சுக் கதவைத் திறந்தா 30 பாகை, 80 சதவீத ஈரப்பதக் காத்து உள்ள வரும். அது 26 பாகையிலேயே நீராகும். மைக் மேல வேர்க்கத்தான் செய்யும், உள்ளேயும்தான். வேலை முடிஞ்சதும் கதவைத் திறக்கும் முன்னாடியே காத்துப்புகாத டப்பாவுல வச்சு மூடிடுங்க. 10 லிட்டர் டப்பாவுக்கு கால் கிலோ ஆரஞ்சு சிலிகா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துல நின்னா போதும். ஜெல் நிறம் மாறினா 110, 120 பாகை சூட்டுல ரெண்டு மணி நேரம். சமையல் பாத்திரத்துல வறுக்காதீங்க.

மின்ட் சவுண்ட்:
ஃபிகர் எய்ட் போடுறப்போ ஏசி பெட்டியும் டோலக் இருக்கிற கோட்டுலயே வரட்டும், அதுவும் அடங்கும். எக்ஸ்பிரஸ்வே கன்டெய்னர் லாரி உறுமலுக்கு மட்டும் பேட்டர்ன் உதவாது, லோ கட் ஃபில்டரை (அடி ஒலிகளை வெட்டுறது) போடுங்க.