ப்ரொனுன்சியாமியெந்தோ: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோ தளபதி அந்தோனியோ லோபெஸ் தே சாந்தா அன்னாவின் வாழ்க்கைக் குறிப்பைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்குகிறேன். தலைப்பில் உள்ள ஸ்பானியச் சொல் ஒன்பது இடத்தில் வந்து வழிமறிக்கிறது. ஒரு படைத்தலைவர் தன் பாசறையில் இருந்தபடியே அரசின்மேல் உள்ள குறைகளையும் கோரிக்கைகளையும் எழுதி வெளியிடுவார். மற்ற பாசறைகளுக்கும் நகரசபைகளுக்கும் அனுப்பி ஆதரவு கேட்பார். போதிய பேர் சேர்ந்தால் அரசு இறங்கிவரும், இல்லையேல் கவிழும். 1822 டிசம்பரில் வெராக்ரூஸில் பேரரசர் இத்துர்பிதேவுக்கு எதிராக இவர் குடியரசு என்று அறிவித்தது இந்த வகைதான். 'இராணுவப் புரட்சி' என்று எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

---

திருப்பியது சரிதான். அரண்மனைக்குள் புகுந்து பிடிப்பது வேறு, இது வேறு. நம்மிடம் வஞ்சினம், அதாவது சூளுரை, இருக்கிறதே! 'படைவஞ்சினம்' என்று வையுங்கள். புறநானூறு 72, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்.

---

ஐயா, நெடுஞ்செழியன் அரசன். பகைவரை நோக்கிச் சொன்னான். இங்கே சம்பளம் வாங்கும் தளபதி தன் அரசனுக்கே ஓலை எழுதுகிறான். சொன்னதைச் செய்யாவிட்டால் குடிகள் என்னைத் தூற்றட்டும் என்று சாந்தா அன்னா சொல்லக்கூடிய ஆளா? 1821 வரை ஸ்பெயின் அரசர் பக்கம், அந்த ஆண்டே இத்துர்பிதே பக்கம், மறு ஆண்டு அவருக்கே எதிர்ப்பக்கம். வஞ்சினத்துக்கே வெட்கம். 'படை அறைகூவல்' போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

---

மூலச்சொல்லைப் பாருங்கள்: முன்வந்து அறிவித்தல். நம் 'அறை'க்கு அடி, சொல் இரண்டும் பொருள். பறையை அறைந்துதானே செய்தி சொன்னோம்? மலையாளத்தில் பறைதல் என்றாலே சொல்லுதல், யாழ்ப்பாணத்தாருக்கும் அப்படியே. ஆகவே 'பறைவு'. வேர் சுத்தமாக இருக்கிறது.

---

வேர் சுத்தம்தான் ஐயா, பிள்ளைகள் 'பறவை' என்று படிப்பார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த அறிவிப்பின் வாசகத்துக்கு 'பிளான்' என்று பெயர், ஊர்ப்பெயரோடு வரும். சாந்தா அன்னாவை முற்றுகையிட வந்த தளபதி எச்சாவர்ரியே 1823 பிப்ரவரியில் இத்துர்பிதேவுக்கு எதிராகத் திரும்பி வெளியிட்டது காசா மாத்தா பிளான். 'காசா மாத்தா திட்டம்' என்றால் குடிநீர்த் திட்டம் போலிருக்கிறது.

---

'சாற்றுரை' எனலாமே, சாற்றுதல் என்றால் அறிவித்தல். அப்புறம், சாந்தா அன்னாதானே 1838இல் வெராக்ரூஸில் பிரெஞ்சுக்காரர் பீரங்கியில் காலை இழந்து, அந்தக் காலுக்கே 1842இல் இராணுவ மரியாதையோடு அடக்கம் நடத்தியவர்? இரண்டே ஆண்டில் மக்கள் அதைத் தோண்டி எடுத்துத் தெருவில் இழுத்தார்கள். அதற்கும் கலைச்சொல் வேண்டுமா?

---

கால் வேண்டாம் ஐயா. நாளை வெள்ளி. பிளானுக்குச் 'சாற்றுரை', மற்றதற்குப் 'படை அறைகூவல்' என்று போட்டுவிடுகிறேன். நான்கு பேர் சரி என்றீர்கள், இரண்டு பேர் பதிலே இல்லை.

---

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அறைகூவல் என்றால் சண்டைக்குக் கூப்பிடுவது. இவர்களில் பலர் கையெழுத்துச் சேர்த்ததே சண்டையில்லாமல் காரியம் முடியட்டும் என்றுதான். 1854இல் ஆயுத்லா என்ற ஊரில் சாந்தா அன்னாவுக்கு எதிராகவே ஒன்று கிளம்பியது. அதில் நிஜமாகவே சண்டை நடந்தது, மறு ஆண்டு அவர் நாட்டை விட்டே போனார். அந்த ஓரிடத்தில் வேண்டுமானால் அறைகூவல் இருக்கட்டும். மீதி எட்டு இடத்தையும் இன்றிரவு பார்த்துவிட்டு எழுதுகிறேன்.