ப்ளூயிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல் வேணும், நாளை சாயங்காலத்துக்குள்ள

சப்டைட்டில்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஒருத்தர் துருப்பிடிச்ச பழைய கோல்ட் (Colt) கம்பெனி 1911 கைத்துப்பாக்கிய எடுத்து புதுசாக்குற வீடியோ, அதுக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுட்டு இருக்கேன். ரீஃபினிஷுக்கு மறுமெருகுன்னு போட்டாச்சு. ப்ளூயிங்லதான், அதாவது இரும்போட மேற்பரப்ப கறுப்பாக்குற வேலையிலதான், மாட்டிக்கிட்டேன். நீலமேற்றல்னு எழுதினா நீலப் பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு நினைப்பாங்க, திரையில பாத்தா கன்னங்கரேல்னு இருக்கு. நீளமான சொல்லுக்கு இடமும் கிடையாது.

புலவர் ஐயா:
அம்மா, தமிழ்ல நீலத்துக்குள்ள கறுப்பும் அடக்கம். திருமாலை நீலவண்ணன்னும் சொல்றோம் கார்வண்ணன்னும் சொல்றோம், ரெண்டு பேரா அவர்? நீலமூட்டல்னே தைரியமா போடுங்க. எனக்கு உறுத்துறது வேற. துப்பாக்கிங்கிறதே துருக்கிப் பக்கத்துலேருந்து வந்த சொல், அத மாத்தாம இத மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்? கைச்சுடுகலன்னு போடலாமே.

டாலஸ் தம்பி:
ஐயா, மழையப் பத்தின குறள்லயே துப்பாக்கி இருக்கே :)

புலவர் ஐயா:
தம்பி, அது துப்பு ஆக்கி. துப்புன்னா அங்க உணவு. வேற எடத்துல வலிமை, பவளம், இன்னும் என்னென்னவோ. துப்பு துலக்குறதுன்னு இப்ப சொல்றோமே அது எப்படி வந்துச்சுன்னு தனியா ஒரு மடல் எழுதுறேன்.

அம்பத்தூர் பட்டறை:
ஐயா மன்னிக்கணும், அந்தம்மாவுக்கு நாளைக்கு கெடு. எங்க ஏரியாவுல இதே வேலைதான் அலென் போல்ட்டுக்கும் டூல்ஸுக்கும் பண்றோம், பேரு ப்ளாக்கோடைசிங், அதாவது ப்ளாக் ஆக்சிடைசிங். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைச்ச தொட்டி, 140 டிகிரிய ஒட்டி கொதிக்கும், அதுல பீஸை தொங்கவிட்டா இரும்போட மேல்தோலே மேக்னடைட்டா, அதான் கறுப்பு இரும்பு ஆக்சைடா, மாறிடும், அப்புறம் தண்ணியில அலசி எண்ணெயில முக்குவோம். மேல எதையும் பூசறது இல்ல, அதனால பூச்சுன்னோ முலாம்னோ போட்டுடாதீங்க. முலாம்னா நிக்கல், குரோம். அலுமினிய பாகத்த மட்டும் அந்த தொட்டியில விட்டுடக்கூடாது, காஸ்டிக் அரிச்சுடும்.

புலவர் ஐயா:
முலாமும் நம்ம சொல் இல்ல.

டாலஸ் தம்பி:
அந்த வீடியோவ நானும் பாத்தேன், அதுல தொட்டி முறை இல்லண்ணா, பழைய ரஸ்ட் ப்ளூயிங். மருந்து தடவி ஈரமான பெட்டிக்குள்ள வெச்சு வேணும்னே துருப்பிடிக்க விடுவாங்க, ஸ்லைடு (மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) முழுக்க மெல்லிசா செந்துரு வெல்வெட் மாதிரி படியும், அத வாலை வடிநீர்ல (டிஸ்டில்ட் வாட்டர்) போட்டு கொதிக்க வெச்சா செவப்பு அப்படியே கறுப்பா திரும்பும், ஸ்டீல் வுல்லால மெதுவா தேச்சா உதிர்ற தூள் போயி இறுகின கறுப்பு மட்டும் நிக்கும், திரும்பத் திரும்ப இதேதான். ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு இன்னமும் இதான், காஸ்டிக் தொட்டியில போட்டா குழல ஒட்டின ஈயப்பத்து விட்டுப்போயிடும். அதனால என் ஓட்டு கருந்துருவேற்றல். வேதியியலும் சரியா வருது, மேக்னடைட்டே கருந்துருதானே.

சப்டைட்டில்காரி:
தம்பி, அதுக்கு முந்தின காட்சியில மனுஷன் மாங்குமாங்குன்னு துருவ சுரண்டி எடுக்கிறாரு. அடுத்த வரியில துருவேற்றல்னு வந்தா பாக்குறவங்க என்னைத்தான் திட்டுவாங்க.

அம்பத்தூர் பட்டறை:
கருமையேற்றம் போடுங்கம்மா. எங்க பசங்களுக்கே புரியும்.

புலவர் ஐயா:
தலைமுடிச் சாய விளம்பரம் போல இருக்கு. இரும்புக்கு கரும்பொன்னுன்னே பழைய பேர் உண்டு, ஏற்கெனவே கரியதுக்கு இன்னும் என்ன கருமை ஏத்துறது?

டாலஸ் தம்பி:
பாலிஷ் போட்ட ஸ்டீல் வெள்ளி மாதிரி பளபளக்கும் ஐயா, கரும்பொன்னெல்லாம் அதுக்கு முன்னாடி. இன்னொண்ணு, கோல்ட் (cold, குளிர்) ப்ளூன்னு பாட்டில்ல விக்கிறதையும் அவர் கடைசியில காட்டுறாரு, செலினியம் கலந்தது, ஒரஞ்ச எடத்துல துணியால தொட்டுத் தடவுறது, சீக்கிரமே தேஞ்சுபோகும். கருந்துருன்னா அது உள்ள வராது, ஒத்துக்கறேன். ஆனா மறுமெருகுன்னு நீங்க போட்டதுல எனக்கு சங்கடம், ரொம்ப நல்ல காரியம் மாதிரி தொனிக்குது. முதல் உலகப்போர் காலத்து 1911 ஒரிஜினல் ப்ளூயிங்கோட இருந்தா தேஞ்சிருந்தாலும் சேகரிக்கிறவங்க கைய வைக்க விடமாட்டாங்க. பாலிஷ் சக்கரத்துல பிடிச்சா எழுத்தெல்லாம் மழுங்கி விளிம்பு உருண்டு விலையே விழுந்துடும்.

சப்டைட்டில்காரி:
மறுமெருகு போன வாரமே போயாச்சு, அத விடுங்க. கருமையேற்றம்னு வெச்சுக்கறேன். மூணையும் பிரிக்க சூட்டு முறை, துரு முறை, குளிர் முறைன்னு முன்னால சேத்துக்கறேன். எல்லாருக்கும் நன்றி.

புலவர் ஐயா:
என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கங்க. நீலமூட்டல்தான் சரி. நூறு வருஷமா நீலத்தைப் பார்த்தே அவன் பேர் வெச்சிருக்கான், வெயில்ல திருப்பிப் பாத்தா நீலம் தெரியாமலா வெச்சான்?

டாலஸ் தம்பி:
அது உண்மைதான், வெயில்ல தெரியும்.

சப்டைட்டில்காரி:
ஐயா, அனுப்பியாச்சு. அடுத்த பகுதி ரெண்டாம் உலகப்போர் 1911ஏ1, சாம்பல் நிறத்துல பார்க்கரைசிங் (பாஸ்பேட் கரைசல்ல முக்கி மேல்படிவம் உண்டாக்குறது) பண்ணினது. பார்க்கர்ங்கிறது கம்பெனிப் பேர், அத அப்படியே விடலாமா?

அம்பத்தூர் பட்டறை:
பாஸ்பேட்டிங்னு போடுங்க, அதேதான்.

புலவர் ஐயா:
பாஸ்பேட்டிங் எப்படிம்மா தமிழாகும்? காலையில எழுதுறேன்.