பூர்வகுடிக் கட்சியும் 'இடதுசாரி'யும்: ஒரு சொல் போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி எழுதியது:

> "பூர்வகுடிக் கட்சி ஒன்று சமூகப் பார்வையில் இடதுசாரியாக இருக்குமா?" மொழிபெயர்த்துவிட்டேன், ஆனால் படித்தால் எனக்கே தெளிவாக இல்லை. 'சமூக இடதுசாரி' சரியா? 'முற்போக்கு' போதுமா?

வணக்கம் தம்பி.

'பூர்வகுடி' இருக்கட்டும். 'மண்ணின் மைந்தர்' என்று போட்டால் நம் மலேசியாவில் அது பூமிபுத்ரா, அதாவது சிறப்புரிமை பெற்ற மலாய்க்காரர் முதலானோர், என்று ஆகிவிடும். 2016இல் பிறந்த பெர்சத்து கட்சியின் முழுப்பெயரில் 'பிரிபூமி' (மண்ணுக்குரியவர்) இருக்கிறது. அது தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களை நினைத்து வைத்த பெயர் அல்ல. 'பழங்குடி' என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குச் சாதிச் சான்றிதழ் நினைவுக்கு வரும்.

சிக்கல் 'சமூகம்' என்ற சொல்லில்தான். நம் நாளிதழ்களில் 'சமூகம்' என்றாலே இந்தியச் சமூகம். 'சமூக இடதுசாரி' என்று எழுதினால், நம்மவர்களில் இடதுசாரியாக இருப்பவர் என்றுதான் படிப்பார்கள். நேற்று உங்கள் வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில், தோட்டத்தில் கம்பி வேலிக்குள் வளர்ந்தவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "கம்யூனிஸ்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். 1960இல் முடிந்த அவசரகாலம் அவருக்கு இன்னும் முடியவில்லை. திருமணம், கருக்கலைப்பு, தன்பால் உறவு ஆகியவற்றில் ஒரு கட்சியின் நிலைப்பாட்டை இந்தச் சொல் அவருக்கு எப்படிச் சொல்லும்?

'முற்போக்கு' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எதிர்ச்சொல் 'பிற்போக்கு' வசைச்சொல் ஆகிவிட்டது. கலைச்சொல் யாரையும் திட்டக் கூடாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தமிழில் 'முன்' என்பது எதிரே இருப்பது மட்டுமல்ல, கழிந்த காலமும்தான்: முன்னோர், முன்னாள், முன்பொரு காலம். வரப்போவது 'பின்': பின்னாளில், பிற்காலம். பொலிவியாவின் ஐமாரா மொழியிலும் இதே கணக்குதான். 'நைரா' என்றால் கண், முன்பக்கம், கடந்த காலம். முதுகுக்குப் பின்னால் இருப்பது வருங்காலம். கண்ணால் கண்டது முன்னே, காணாதது பின்னே. இப்படி நினைக்கும் மக்களின் கட்சிக்கு 'முற்போக்கு' என்று பெயர் வைத்தால், மூதாதையரை நோக்கிப் போகிறவர்கள் என்றல்லவா பொருள்? நம் மொழியிலும் அந்தப் பொருளுக்கு இடம் இருக்கிறது என்பதைக் கண்டபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

'மரபுநெறி', 'மாற்றநெறி' என்று பிரிப்போம் என ஈப்போ நண்பர் சொல்லியிருந்தார். அதுவும் பொருந்தாது. மெக்சிகோவின் ஹூச்சித்தானில் சப்போத்தெக் பூர்வகுடி மக்களிடையே ஆணென்றும் பெண்ணென்றும் அடங்காத 'முஷே' என்பவர்களுக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. அங்கே மரபே திறந்த கதவு.

என் முன்மொழிவு: 'உடைமைவழி இடது', 'வாழ்முறைவழி இடது'. பொதுவுடைமை, நாட்டுடைமை, தனியுடைமை என்று 'உடைமை' நமக்குப் பழகிய சொல். மண்ணும் பொருளும் யாருக்கு என்பது முதலாவது. யார் யாரோடு வாழலாம், யாருடைய உடலுக்கு யார் பொறுப்பு என்பது இரண்டாவது.

இரண்டும் வேண்டும் என்பதற்குக் காரணம், அவை சேர்ந்தே வருவதில்லை. ஐமாரா இனத்தவரான பொலிவியாவின் முன்னாள் அதிபர் ஏவோ மொராலெசின் கட்சி கோக்கா பயிரிடுவோர் சங்கங்களில் வேரூன்றியது. 2006இல் எரிவாயுவை நாட்டுடைமையாக்கியது. அதன் ஆட்சியில் வந்த 2009 அரசியலமைப்பு, பாலியல் நாட்டத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. ஆனால் 63ஆம் பிரிவில் திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதாகவே வைத்துக்கொண்டது. நியூசிலாந்தில் தலைகீழ். கடற்கரை நில உரிமைப் பூசலில் 2004இல் பிறந்த, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மாவோரி கட்சி, 2008இல் வலதுசாரி அரசுக்கு ஆதரவு தந்தது. 2013இல் தன்பால் திருமண மசோதாவுக்கு அதன் 3 உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களித்தார்கள். 'இடதுசாரி' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டு கட்சிகளைப் பற்றி உண்மையை எழுத முடியுமா?

ஆயர் ஈத்தாமிலிருந்து, அன்புடன்.

---

செந்தூல் அக்கா எழுதியது:

'வாழ்முறைவழி' எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் சொல்லில் ஓர் ஐயம். பூர்வகுடிகள் கேட்பது எல்லாருக்கும் பொதுவான நிலத்தை அல்ல, தங்கள் குடிக்கு மட்டும் உரிய நிலத்தை. சகோங் தாசி வழக்கை நினைத்துப் பாருங்கள். 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கிலில் வெளியேற்றப்பட்ட தெமுவான் (ஓராங் அஸ்லியரில் ஒரு பிரிவினர்) குடும்பங்களுக்கு அந்த மரபு நிலத்தில் உடைமை உரிமை உண்டு என்று 2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் சொன்னது. இது இடதா, வலதா?

---

அக்கா, நீங்கள் சொல்வது சரி. இது பொதுவுடைமையும் இல்லை, தனியுடைமையும் இல்லை. 'குடியுடைமை' என்று மூன்றாவதாக ஒரு சொல் சேர்ப்போம். இடது, வலது என்ற ஒட்டு அதற்கு வேண்டாம்.

தம்பி, உங்கள் வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "குடியுடைமைக்காகப் போராடும் பூர்வகுடிக் கட்சி, வாழ்முறைவழியிலும் இடதாக இருக்குமா?" அம்மாவிடம் இதையும் படித்துக் காட்டினேன். "அது அந்தந்த ஊர்ப் பெரியவங்களைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.