சனிக்கிழமைக்குள் 6,000 கட்ட வேண்டும், கையில் 340 இருக்கிறது

தண்டையார்பேட்டை_பிகாம்:

அண்ணா, அக்கா, யாராவது வழி சொல்லுங்கள். பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நைனா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மாவுக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை. நைனா வாரம் 500 தருகிறார். தமிழ்ப் புதல்வன் பணம் 1,000 வருகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு கல்யாண கேட்டரிங்கில் பரிமாறப் போனால் நாளைக்கு 600. ஆக மாதம் 4,200.

கடன் இது: போன் தவணை மாதம் 1,800, இன்னும் ஆறு பாக்கி. பசங்களிடம் 2,700. கேன்டீன் அண்ணனிடம் 640. இதெல்லாம்கூட சமாளிப்பேன். போன வாரம் ஐ.வி. (தொழிற்சாலை பார்க்கும் காலேஜ் டூர்) என்று பெயர் வைத்துப் பாண்டிச்சேரி போனோம். அதற்காக டெலிகிராமில் வந்த ஒரு லிங்க்கில் போய் லோன் ஆப்பில் 6,000 எடுத்தேன். கைக்கு வந்தது 4,200. ஏழாம் நாள் முழு 6,000 கட்ட வேண்டுமாம், அது இந்தச் சனிக்கிழமை. நேற்றே மெசேஜ் வந்துவிட்டது. என் போனில் இருக்கும் ஐந்து பேர் பெயரையும் நம்பரையும் போட்டிருந்தார்கள். முதல் பெயர் "நைனா".

இன்னொரு ஆப்பில் எடுத்து இதை அடைத்துவிடலாமா? இன்னொன்றும் புரியவில்லை. நான் பெரிதாக எதுவுமே வாங்கவில்லை, காசு எங்கேதான் போகிறது?

வியாசர்பாடி_கேரம்:

மாமே, முதலில் அந்தப் போனை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தள்ளிவிட்டு பட்டன் போன் வாங்கு. பாதிப் பிரச்சினை முடிந்தது.

பெரம்பூர்_லோகோ_அக்கா:

தவணை முடியாத போனை விற்கச் சொல்லாதீர்கள். விற்றாலும் தவணை நிற்காது, போனதுதான் மிச்சம்.

தம்பி, நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். நீ எடுத்தது முறையான கடனாகத் தெரியவில்லை. 60 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் ஆப்பை பிளே ஸ்டோரிலேயே விடமாட்டார்கள். அதனால்தான் டெலிகிராம் லிங்க்கில் வருகிறான். ரிசர்வ் வங்கி 2022-லிருந்தே வைத்திருக்கும் விதிப்படி கடன் ஆப்புகள் உன் காண்டாக்ட் பட்டியலைத் தொடவே கூடாது. எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பணம், வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. ரிசர்வ் வங்கி இணையதளத்தில் கடன் ஆப்புகளின் பட்டியல் இருக்கிறது, அதில் இந்தப் பெயர் உண்டா என்று பார்.

மிரட்டல் மெசேஜ் எதையும் அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடு. அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை நிறுத்து. யு.பி.ஐ.யில் ஆட்டோபே என்று ஒரு இடம் இருக்கும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி அது, அதில் இவன் பெயர் இருந்தால் ரத்து செய்.

போன் தவணையை மட்டும் தவறவிடாதே. அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் ஒரு பக்கம் அபராதம் போடுவார்கள், உன் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலிலும் ஏறும். பி.காம் என்கிறாய், நாளைக்கு வங்கித் தேர்வு எழுதுவாய். வேலையில் சேரும்போது கடன் வரலாறு பார்க்கிறார்கள்.

காசிமேடு_சங்கரா:

அக்கா சொன்ன சட்டமெல்லாம் சரி. நான் என் கதையைச் சொல்கிறேன்.

2021, நானும் இரண்டாம் வருடம். ஆப்பில் 5,000 கடன் எடுத்தால் 3,500 கைக்கு வந்தது. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. இரண்டே மாதத்தில் நாலு ஆப், 31,000. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கடைசியில் என் அத்தைக்கும் டியூஷன் சாருக்கும் போன் போனது. அத்தை நேராக அம்மாவிடம் வந்துவிட்டாள்.

அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். விடியற்காலை ஏலத்தில் கூடை எடுத்து, மதியத்துக்குள் தெருவில் விற்றுவிடுவாள். திட்டுவாள் என்று பார்த்தால், "எவ்ளோ கைக்கு வந்துச்சு? எவ்ளோ கட்டணும்? எத்தினி நாள்?" என்று மூன்றே கேள்வி கேட்டாள். சொன்னேன். "இது தண்டல்தான்டா. ஆள் மட்டும் வர்றதில்ல."

உனக்கும் தெரிந்திருக்கும், நம் பக்கம் 10,000 தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அநியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் ஆப் கணக்கைப் போட்டுப் பார். 4,200-க்கு ஏழு நாளில் 1,800. நூற்றுக்கு கிட்டத்தட்ட 43 ரூபாய், அதுவும் ஒரே வாரத்துக்கு. தண்டல்காரரே கேட்கக் கூச்சப்படுவார்.

அன்றைக்கு அம்மா சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. அந்த இரண்டு மாதமும் அம்மா தண்டல் பக்கமே திரும்பமாட்டாள். காலையில் போட்ட காசு மதியம் திரும்பினால்தான் சாயங்காலம் 100 கட்ட முடியும், மீனே இல்லாதபோது எதை வைத்துக் கட்டுவது? "உனக்கு வருஷம் பூரா தடைக்காலம்தானேடா, நீ எந்த தைரியத்துல தண்டல் எடுத்த?" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். சொந்தக்காரர்களுக்கு நானே முந்திக்கொண்டு மெசேஜ் போட்டேன்: "என் பெயரில் அசிங்கமாக ஏதாவது வந்தால் நம்பாதீர்கள், புகார் கொடுத்திருக்கிறோம்." அதற்கப்புறம் அவன்கள் கையில் மிரட்ட எதுவும் மிஞ்சவில்லை. பத்துப் பதினைந்து நாள் கத்திவிட்டு ஓய்ந்தார்கள்.

காசு எங்கே போகிறது என்று கேட்டாயே. நான் ஒரு மாத யு.பி.ஐ. கணக்கை எடுத்து, அம்மாவின் மீன் கணக்கு நோட்டில் பின்பக்கமிருந்து எழுதினேன். 100 ரூபாய்க்குக் கீழே மட்டும் 63 தடவை ஸ்கேன் செய்திருந்தேன், கூட்டினால் 3,270. பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்), டீ, ஜூஸ், யாரோ ஒருவன் பிறந்தநாள் கேக் பங்கு. டர்ஃபில் (வாடகை மைதானம்) விளையாட 150, 150 என்று போனது இந்தக் கணக்கில் வராது, அது தனி. பெரிதாக எதுவும் வாங்காமலேயே மாதச் சம்பளம் போல ஒரு தொகை போயிருந்தது. ஸ்கேன் செய்யும்போது கை கூசுவதில்லை, அதுதான் வினை.

அம்மா ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டாள், யு.பி.ஐ.யையும் போனிலிருந்து நீக்கச் சொன்னாள். திங்கட்கிழமை 300 ரூபாய் நோட்டாகக் கொடுப்பாள், சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். முதல் வாரம் புதன்கிழமையே பை காலி. வியாழனும் வெள்ளியும் வீட்டுக் கஞ்சிதான், பரவாயில்லை.

பசங்களிடம் என்ன சொல்வது என்பதுதான் பெரிய தலைவலி. "காசு இல்லை" என்றால் "நான் போடுறேன், அப்புறம் குடு" என்பான், அதுவும் கடன். நான் "வீட்டில் தண்டல் ஓடுது மாமே" என்றேன். நம் ஏரியாவில் அதற்குமேல் எவனும் கேட்கமாட்டான்.

தண்டையார்பேட்டை_பிகாம்:

அண்ணா, அக்கா, நன்றி. ரிசர்வ் வங்கிப் பட்டியலில் தேடினேன், அந்த ஆப்பின் பெயர் இல்லை. ஆட்டோபேயில் இருந்தது, ரத்து செய்துவிட்டேன். 1930-க்குப் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். கேன்டீன் அண்ணனிடம் வாரம் 100 தருகிறேன் என்றேன், சரி என்றார். இன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொல்லப் போகிறேன். நைனாவிடம் அம்மாவே சொல்லட்டும்.

பெரம்பூர்_லோகோ_அக்கா:

நல்லது. போன் தவணை எந்தத் தேதி?

தண்டையார்பேட்டை_பிகாம்:

5-ஆம் தேதி அக்கா. அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு இருக்கிறது. 1,200 கேட்டரிங்கில் வரும், மீதி நைனா தரும் 500-லிருந்து எடுத்து வைக்கிறேன்.

காசிமேடு_சங்கரா:

சீரியல் முடிந்த பிறகு சொல், தம்பி. நான் நடுவில் வாயைத் திறந்து இரண்டு தடவை வாங்கினேன்.